பைப் ஆர்கன் தேவாலயத்துக்குள் வந்த கதையும், கொங்கில் அது வேர் பிடிக்காத காரணமும்

கோயம்புத்தூருக்குப் பம்பு செட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீரை அழுத்தி மேலே ஏற்றும் பம்பையும் தேவாலயத்தில் முழங்கும் ஆர்கனையும் கண்டுபிடித்தவர் என்று பழைய நூல்கள் ஒரே ஆளைத்தான் கைகாட்டுகின்றன என்பது இங்கேயே பலருக்குத் தெரியாத செய்தி. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் அவர். நாவிதரின் மகன். தந்தையின் கடையில் தொங்கிய கண்ணாடியை எளிதாக ஏற்றி இறக்குவதற்காக, மரக்குழாய்க்குள் ஓர் ஈயக் குண்டை எதிர் எடையாகக் கட்டிவிட்டார். குண்டு குழாய்க்குள் விரைந்து இறங்கியபோது அடியில் இருந்த காற்று நெருக்கப்பட்டு, வெளியேறும் வழியில் தெளிவான ஒலி எழுப்பியது. இந்தக் கதையை எழுதி வைத்தவர் ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ். அவருடைய நூலின் பத்தாம் பகுதியில் ஓர் அத்தியாயம் பம்பு. அடுத்த அத்தியாயம் நீர் ஆர்கன்.

நீர் ஆர்கனுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ஹைட்ராலிஸ். இரண்டு பம்புகள் மாறி மாறிக் காற்றை அடிக்கும். நீர் நிரம்பிய தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த கூண்டில் அந்தக் காற்று போய்ச் சேரும். காற்று நுழைய நுழைய உள்ளிருந்த நீர் வெளியே தள்ளப்பட்டு, தொட்டியின் மட்டம் உயரும். உயர்ந்த நீரின் எடை காற்றை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். பம்பு அடிப்பவர் ஒரு நொடி கை ஓய்ந்தாலும் குழல்களுக்குப் போகும் காற்றின் அழுத்தம் குறையாது. டெசிபியஸ் தம் மனைவி தாயிஸுக்கு இதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்றும் ஒரு குறிப்பு உண்டு. அதை நம்பினால், பெயர் தெரிந்த முதல் ஆர்கன் கலைஞர் ஒரு பெண்.

இவ்வளவு பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பகுதிச் சபைகளில் வாத்தியம் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும்: ஆர்கன் ஆலயத்துக்கு உரியது, தபேலாவும் டோலக்கும் கச்சேரிக்கு உரியவை. ஆதித் திருச்சபையிலிருந்தே இப்படித்தான் என்ற தொனியில் சொல்வார்கள். டெசிபியஸ் இதைச் செய்தபோது கிறிஸ்தவமே பிறக்கவில்லை. பிறந்த பின்பும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் வரை ஆர்கனுக்கு ஆலயத்தில் இடம் இருக்கவில்லை.

மூச்சு வாங்காத குழல்

கருவியின் உள்ளமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். கீழே மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாயில் ஒரே சீராக வரும். ஆர்கனில் துருத்தி மோட்டார். எடை வைத்து அழுத்திய காற்றுப்பெட்டி தொட்டி. விரலால் அழுத்தும் கட்டைகள் குழாய்த் திருகுகள். கட்டையை அழுத்தினால் ஓர் அடைப்பு விலகும், காற்று குழலுக்குள் பாயும், ஒலி வரும். விரலை எடுக்கும்வரை அந்த ஒலி தேயாது, நடுங்காது, குறையாது. புல்லாங்குழலோ நாதஸ்வரமோ வாசிப்பவருக்கு இருக்கும் மூச்சின் எல்லை இதற்கு இல்லை.

குழல்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டாலோ மரத்தாலோ ஆனவை. ஒரு குழலைக் கையில் எடுத்துப் பார்த்தால் அடியில் கூம்பிய கால், அதற்கு மேலே நேராக எழும் உடல், இரண்டும் சேரும் இடத்தில் முன்பக்கம் வெட்டிய ஒரு வாய். காலின் துளை வழியாக ஏறும் காற்று மெல்லிய பட்டையாக அந்த வாய்க்கு வந்து மேலுதட்டில் மோதும். அந்த மோதலில் குழலுக்குள் இருக்கும் காற்று அதிரத் தொடங்கும். உள்ளே அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. நாக்குப் பொருத்திய குழல்களும் உண்டு. அவற்றில் பித்தளை நாக்கு துடித்து ஒலி எழுப்பும்.

குழல் நீள நீள ஒலி தாழும். சுமார் 8 அடிக் குழல் நொடிக்கு 65 அதிர்வுகள் தரும். 16 அடிக் குழல் அதில் பாதி. 32 அடிக் குழல் அதிலும் பாதி, அதாவது சுமார் 16. காதுக்கு எட்டும் விளிம்பு அது. ஒலியாகக் கேட்பதைவிட உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் அதிர்வாகத்தான் அதை உணர முடியும்.

ஒரு குழலுக்கு ஒரே சுரம், ஒரே நிறம். ஆகவே 61 கட்டைகள் கொண்ட விசைப்பலகைக்கு ஒரு வகை ஒலி வேண்டுமானால் 61 குழல்கள் தேவை. பத்து வகை வேண்டுமென்றால் அறுநூறுக்கு மேல். எந்த வரிசைக் குழல்கள் ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் கைப்பிடிகளுக்கு ஸ்டாப் என்று பெயர். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அரங்கில் இருக்கும் ஆர்கனில் 33,000க்கும் மேற்பட்ட குழல்கள் உள்ளன. தேவாலயம் அல்ல, அது ஒரு மாநாட்டு மண்டபம்.

இன்னொரு குணத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஆர்கனில் ஒரே அளவு ஒலிதான் வரும். விரலின் அழுத்தம் குழலுக்குத் தெரியாது. தாளத்தின் முதல் அடியில் ஓர் அழுத்தம், அடுத்ததில் ஒரு தளர்வு என்று மிருதங்கம் சொல்வதை இந்தக் கருவியால் நேரடியாகச் சொல்ல முடியாது. தமிழ்ப் பாட்டோடு அது உரசும் இடம் இதுதான், பின்னால் வருகிறேன்.

விளையாட்டரங்கிலிருந்து அரண்மனைக்கு

ரோமானியர்கள் ஆர்கனை வைத்தது பொழுதுபோக்கு இடங்களில். லிபியாவின் ஸ்லிட்டன் ஊரிலும் ஜெர்மனியின் நெனிக் ஊரிலும் கிடைத்த தரைச் சித்திரங்களில் வாள்வீரர்கள் மோதிக்கொண்டிருக்க, பக்கத்தில் கொம்பு ஊதுபவரும் ஆர்கன் வாசிப்பவரும் இருக்கிறார்கள். நீரோ மன்னனுக்கு நீர் ஆர்கன் மேல் பெரும் பித்து. கிறிஸ்தவர்களை வதைத்த மன்னனின் விருப்பக் கருவியை ஆதிச் சபைத் தந்தையர் ஆலயத்துக்குள் அழைப்பார்களா? அவர்கள் வாத்தியம் எதையுமே விரும்பவில்லை. மனிதக் குரல் போதும் என்றார்கள்.

அந்தக் காலத்து ஆர்கன் ஒன்று புடாபெஸ்ட் நகரில், அக்வின்கம் என்ற பழைய ரோமானிய ஊர் இருந்த இடத்தில், 1931இல் மண்ணுக்கடியில் கிடைத்தது. வரிசைக்கு 13 ஆக நான்கு வரிசைகளில் 52 குழல்கள். அதில் பொறித்த பட்டயத்தின்படி கி.பி. 228இல் அன்பளிப்பாகத் தரப்பட்டது. பெற்றுக்கொண்டது எந்த ஆலயமும் அல்ல. துணி வணிகம் செய்து, ஊரில் தீப்பிடித்தால் அணைக்கவும் ஓடிய ஒரு தொழிற்சங்கம். பஞ்சும் நூலும் நிறைந்த திருப்பூரில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள உறவை விளக்கத் தேவையில்லை. தீயணைப்புச் சங்கத்தின் கட்டடமே ஒரு தீயில் விழுந்து, அந்த இடிபாடுதான் கருவியை இத்தனை காலம் காத்தது.

மேற்கில் ரோமப் பேரரசு சிதைந்தபின் ஆர்கனும் மறைந்தது. கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளில் அது பிழைத்தது, அரசவைக் கருவியாக. பேரரசர் நுழையும்போதும் தேரோட்டப் பந்தயங்களிலும் ஒலிக்கும்; பக்கத்திலேயே இருந்த பெருங்கோவிலுக்குள் மட்டும் போகாது. இன்றும் கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளில் பெரும்பாலும் ஆர்கன் இல்லை என்பது அதன் தொடர்ச்சி.

757இல் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பிராங்கு அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதன் பொருள் அரசியல்: பார், எங்களிடம் இருப்பதை உங்களால் செய்ய முடியாது. அந்தக் குத்தல் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். 826இல் வெனிஸைச் சேர்ந்த ஜார்ஜியஸ் என்ற குரு, பெப்பினின் பேரனான லூயி மன்னரைத் தேடி வந்து தமக்கு ஆர்கன் செய்யத் தெரியும் என்றார். ஆகன் அரண்மனையில் செய்தும் காட்டினார். செய்தவர் குரு, இனி அந்த நுட்பம் மடங்களுக்குள் பரவுவதற்குத் தடை என்ன? உலோகம் உருக்கவும் கணக்குப் போடவும் கையெழுத்துப் படிகளைப் படிக்கவும் தெரிந்தவர்கள் அன்றைய மேற்கு ஐரோப்பாவில் துறவிகள்தான். திருச்சபையில் யாரோ கூடி அமர்ந்து ஆர்கன் புனிதமானது என்று தீர்மானம் போட்டதால் அது உள்ளே வரவில்லை. அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆலயத்தில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த ஆர்கனைப் பற்றி உல்ஃப்ஸ்டன் என்ற துறவி கவிதை எழுதியிருக்கிறார். 400 குழல்கள், 26 துருத்திகள், வியர்த்து விறுவிறுத்து அவற்றை இயக்க 70 ஆட்கள். ஒலி எழுந்ததும் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்களாம். கவிஞரின் கணக்கில் கொஞ்சம் உயர்வு நவிற்சி கலந்திருக்கும். ஆனால் இரைச்சல் உண்மை. 12ஆம் நூற்றாண்டில் ரீவோ மடத்தின் தலைவர் எல்ரெட், ஆலயத்தில் துருத்திகளின் பயங்கர ஓசை இடிமுழக்கம்போல் இருக்கிறது, இனிமை எங்கே என்று கடிந்து எழுதினார். இன்று ஸ்பீக்கர் பாக்ஸைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் குறை அன்று ஆர்கனைப் பற்றி இருந்தது.

அக்காலத்துப் பெரிய ஆர்கன்களில் ஸ்டாப் கிடையாது. கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழல்கள் அத்தனையும் சேர்ந்து முழங்கும். ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டட் ஆலயத்தில் 1361இல் கட்டிய ஆர்கனுக்கு அகலமான கட்டைகள். அவற்றைக் கைமுட்டியால் அடித்து வாசித்திருக்கிறார்கள். ஆனாலும் ஸ்தாயிக்கு ஏழு முன்கட்டைகள், இடையே ஐந்து மேல்கட்டைகள் என்ற அமைப்பு அங்கேயே வந்துவிட்டது. பியானோவுக்கும் ஆர்மோனியத்துக்கும் டவுன்ஹால் பக்கம் கடைகளில் அடுக்கியிருக்கும் கேசியோவுக்கும் விசைப்பலகை வந்த வழி இதுதான். 15ஆம் நூற்றாண்டில் குழல் வரிசைகளைத் தனித்தனியே திறக்கவும் மூடவும் வழி செய்தபின்தான் ஆர்கனுக்கு மெல்லிய குரலும் கிடைத்தது.

சபை பாடத் தொடங்கியபோது

ஆர்கனின் வேலை சபையின் பாட்டுக்குத் துணை நிற்பது என்று இன்று நினைக்கிறோம். மத்தியகாலத்தில் அப்படி இல்லை. பாடகர் குழு ஒரு வரி பாடும், அடுத்த வரியை ஆர்கன் தனியே வாசிக்கும். மாறி மாறி இப்படியே போகும். மக்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வந்து மக்களைத் தாய்மொழியில் பாட வைத்த பிறகுகூட முதல் சில தலைமுறைகள் வாத்தியத் துணை இல்லாமலேதான் பாடின. 1600ஐ ஒட்டித்தான் ஆர்கன் சபையோடு சேர்ந்து வாசிக்கும் வழக்கம் லூத்தரன் ஆலயங்களில் பரவியது. அதாவது ஆலய ஆர்கனின் முதன்மைக் கடமை என்று நாம் கருதுவதன் வயது ஏறக்குறைய 400 ஆண்டுகள்.

சீர்திருத்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. சூரிச் நகரின் ஸ்விங்லி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். அவரே ஆர்கனை வாயடைக்க வைத்தார். 1527இல் கிராஸ்மூன்ஸ்டர் ஆலயத்தின் ஆர்கன் கழற்றி எடுக்கப்பட்டது. நெதர்லாந்தில் வேடிக்கையான சமரசம்: ஆலயக் கட்டடத்துக்குள் இருக்கும் ஆர்கன் நகர மன்றத்தின் சொத்து, வாசிப்பவர் நகர மன்றத்தின் ஊழியர், ஆராதனை நேரத்தில் மௌனம், முன்னும் பின்னும் கச்சேரி. இங்கிலாந்தில் 1644இல் பாராளுமன்றம் ஆர்கன்களை அகற்ற ஆணையிட்டது. 1660இல் முடியாட்சி திரும்பியதும் அவையும் திரும்பின. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் ஓர் ஆலயத்தில் 1807இல் ஆர்கன் வாசித்துப் பார்த்ததற்கே பெரும் வழக்காகி, தடை வந்தது. அங்கே கதவு முறைப்படி திறந்தது 1866இல்.

லூத்தரன் நாடுகளில்தான் அது ஓங்கியது. ஜெர்மன் இசைமேதை பாக் 1705இல், இருபது வயதில், ஆர்ன்ஸ்டட் ஊரிலிருந்து லூபெக் நகருக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே போனார், புக்ஸ்டெஹூட என்ற ஆர்கன் கலைஞர் வாசிப்பதைக் கேட்க. நான்கு வாரம் விடுப்புக் கேட்டவர் நான்கு மாதம் கழித்துத் திரும்பினார். திரும்பியவரை ஆலயக் குழு கூப்பிட்டு விசாரித்தது. விடுப்பு ஒரு குற்றம். மற்றொன்று, பாட்டுக்கு நடுவே விசித்திரமான மாற்றங்களையும் சம்பந்தமில்லாத சுரங்களையும் சேர்த்துச் சபையைக் குழப்புகிறார் என்பது. நம் ஊரில் இளம் கீபோர்டு கலைஞர்கள் மேல் சபைக் கமிட்டிகள் வைக்கும் புகாரும் சொல் மாறாமல் இதேதான். அதற்காக அவர்கள் எல்லாரும் பாக் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

மின்சாரம் வருவதற்கு முன் இத்தனைக்கும் பின்னால் ஒரு துருத்தி மிதிக்கும் ஆள் வேண்டும். 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில் மின்விசிறி மோட்டார் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. டெசிபியஸின் நீர்த் தொட்டி செய்த காரியத்தை அதற்கு வெகுகாலம் முன்பே எடை வைத்த தோல் துருத்திகள் ஏற்றுக்கொண்டிருந்தன.

கொங்குக்கு வந்தது எது?

கொங்கு நாட்டில் கிறிஸ்தவம் ஆர்கனோடு வரவில்லை. 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த ராபர்ட் டி நொபிலி காவியுடுத்தித் துறவிக் கோலத்தில் திரிந்தவர். குழல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 1830இல் கோவையில் பணி தொடங்கிய லண்டன் மிஷன் சங்கத்தில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த எளிய சபைகளிலிருந்து வந்தவர்கள். அந்தச் சபைகளில் பல அப்போதுதான் ஆர்கன் வைக்கலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தன. 1850இல் கோவை கத்தோலிக்கர்களுக்குத் தனி மறைப்பகுதியானது, 1886இல் மறைமாவட்டம். பிரெஞ்சுக் குருக்களின் சபை அது. அவர்கள் ஊரில் ஆர்கன் இல்லாத பேராலயம் கிடையாது. ஆனால் போத்தனூருக்கு ரயில் வந்ததே 1860களில். ஆயிரம் குழல்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி மாட்டுவண்டியில் இறக்கினாலும், அதைப் பூட்டவும் சுருதி சேர்க்கவும் ஆளுக்கு எங்கே போவது? சென்னையில் ஆங்கிலேயர் கூட்டமும் பணமும் இருந்தன. புனித ஜார்ஜ் பேராலயத்திலும் புனித ஆண்ட்ரூ ஆலயத்திலும் பைப் ஆர்கன் வைத்தார்கள். கோவை, ஈரோடு, தாராபுரம் பக்கம் மக்கள் சபைகளுக்கு அது எட்டாத செலவு.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பம் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும். வேகம் கூடினால் குழலின் சுருதி ஏறும். காலை ஆராதனையில் 25 டிகிரியாக இருந்தது பகலில் 35 ஆனால், அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேல் சுருதி நகர்ந்துவிடும். நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு நகராது. ஆக, ஒரே கருவிக்குள் இரண்டு கூட்டம் இரண்டு சுருதியில் நிற்கும். தோலைப் பூச்சி அரிக்கும், மரம் வெடிக்கும்.

கட்டடமும் ஒத்துவரவில்லை. ஆர்கன் தன் பாதி ஒலியைக் கட்டடத்திடமிருந்து வாங்கிக்கொள்ளும் கருவி. உயர்ந்த கல் வளைவு, மூடிய சுவர், விரல் எடுத்த பின்னும் பல நொடிகள் சுற்றிவரும் எதிரொலி. நம் ஆலயங்களில் இரண்டு பக்கமும் கதவுகளும் சன்னல்களும் திறந்திருக்கும், மேலே மின்விசிறிகள் சுழலும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே வர வேண்டுமென்று திறந்த வழியில் ஒலியும் வெளியே போய்விடும். கோவை பெரிய கடை வீதியில் இருக்கும் புனித மிக்கேல் பேராலயத்தைப் போன்ற உயர்ந்த கட்டடங்கள் விதிவிலக்கு. ஊர்ப்புறச் சபைகளின் ஓட்டுக் கூரையும் சீமை ஓடும்தான் வழக்கம்.

வெப்ப நாட்டில் முடியவே முடியாது என்றும் சொல்லிவிடக் கூடாது. பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் ஊரில் தியேகோ சேரா என்ற குரு 1816 முதல் 1824 வரை உழைத்து ஓர் ஆர்கன் செய்தார். 1,031 குழல்களில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலை முதலில் மணலில் புதைத்து வைத்திருந்தார். நிலநடுக்கத்திலும் புயலிலும் அடிபட்டு, 1970களில் ஜெர்மனிக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, இன்றும் ஒலிக்கிறது. சத்தியமங்கலம் மலையிலும் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. எட்டு வருடம் அதையே பிடித்துக்கொண்டு உட்காரும் சேரா ஒருவர்தான் வேண்டும்.

நமக்குக் கிடைத்தது ஆர்கனின் சின்னத் தங்கை. 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் டெபான் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குழலே இல்லை, பித்தளை நாக்குகள் மட்டும். நாக்கின் சுருதி வெயிலுக்கு அதிகம் அசையாது, மாட்டுவண்டியில் குலுங்கினாலும் கலையாது. கால்மிதித் துருத்தி வைத்ததும் மடக்கி எடுத்துச் செல்லக்கூடியதும் மிஷனரிகளோடு ஊர் ஊராக வந்தன. பின்னர் கல்கத்தாவில் கைத்துருத்தியோடு தரையில் வைத்து வாசிக்கும் வடிவம் பிறந்து, ஆலயம், நாடகக் கொட்டகை, பஜனை மடம் என்று பேதம் பார்க்காமல் பரவியது.

கால் ஆர்மோனியம் ஒன்றின் பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்க்கும் வாய்ப்பு ஈரோட்டுப் பக்கம் ஒரு பழைய ஆலயத்தின் உடைமாற்றும் அறையில் கிடைத்தது. மிதிகளின் மேல் தேய்ந்த ஜமுக்காளத் துண்டு ஒட்டியிருந்தது, பவானிக் கோடு இன்னும் தெரிந்தது. மிதியிலிருந்து துருத்திக்குப் போகும் வார் அறுந்து, அதன் இடத்தில் யாரோ தறிப் பட்டையைப் போட்டுத் தைத்திருந்தார்கள். நாக்குகள் வரிசை வரிசையாகப் பள்ளங்களில் செருகியிருந்தன. தாழ்ந்த சுரத்தின் நாக்கு விரல் நீளம், உச்சச் சுரத்தினுடையது நகத்தளவு. ஒன்றை எடுத்து உதட்டருகே வைத்து ஊதினால் இப்போதும் சுருதி பிசகாமல் பேசியது.

பாமாலையும் கீர்த்தனையும்

தென்னிந்தியத் திருச்சபை ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வகைப் பாட்டு பழக்கம். பாமாலை மேற்கத்திய மெட்டில் மொழிபெயர்த்தது. நான்கு குரலில் அடுக்கிப் பாடலாம். கீர்த்தனை தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் ராகமும் தாளமும் அமைத்துப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டியது. ஆர்கன் முதலாவதற்குப் பிறந்த கருவி. சபை இழுத்து இழுத்துப் பாடும்போது கீழே தளராத ஒலித் தளம் ஒன்றைப் போட்டு எல்லாரையும் அதன்மேல் நிற்க வைக்கும்.

கீர்த்தனைக்கு வந்தால் கதை வேறு. கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் நிற்கும் சுரம். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகம் அவற்றுக்கு இடையில் இருக்கிறது. தாளத்தின் அழுத்தம் இதனால் வராது என்பதை முன்பே பார்த்தோம். அதனால் கீர்த்தனைக்குத் தபேலாவோ மிருதங்கமோ தாளமோ வந்து சேர்ந்தது யாரும் செய்த புதுமை அல்ல. அந்தப் பாட்டின் உறுப்பு அது.

கத்தோலிக்கத் திருச்சபையில் விதியே திரும்பியது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903இல் ஆலயத்தில் பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்ற இரைச்சல் கருவிகளையும் தடை செய்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம் பைப் ஆர்கனை மிக உயர்வாக மதிக்க வேண்டும் என்றது. கூடவே, உரிய அனுமதியுடன் மற்றக் கருவிகளையும் சேர்க்கலாம், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் தர வேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் தமிழில் திருப்பலி வந்தது. 1903 விதியின்படி வெளியே நிற்க வேண்டிய தபேலா அறுபது ஆண்டுகளில் பாடற்குழுவின் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆலயத்துக்கு உரியது எது என்ற பட்டியல் டெசிபியஸ் காலத்திலிருந்து இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

இன்றைய சபைகளில் ஆர்கன் என்று குறிப்பிடப்படுவது பெரும்பாலும் கீபோர்டு, அதில் சர்ச் ஆர்கன் என்ற எண். இது போலியா என்ற கேள்விக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஹாமண்ட் மின் ஆர்கன் 1935இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அது பைப் ஆர்கனுக்கு இணையானது என்று விளம்பரம் செய்தார்கள். மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்பெல்லர் ஆலயத்தில் இரண்டையும் மறைவில் வாசித்துக் கேட்பவர்களைச் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதித் தடவை கேட்டவர்கள் தவறினார்கள் என்று ஹாமண்ட் தரப்பு வாதிட்டது. பைப் ஆர்கனையே மின் ஆர்கனைப் போல் ஒலிக்கும்படி திருகிவிட்டார்கள் என்றது எதிர்த்தரப்பு. 1938இல் ஆணையம் அந்த விளம்பரங்களில் சிலவற்றை நிறுத்தச் சொன்னது.

என் கருத்தில் சிக்கல் ஒலியில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. பைப் ஆர்கனைக் கற்றவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது விரலை எடுப்பதைத்தான். கருவி மூச்சு வாங்காது, சபை வாங்கும்; ஆகவே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கை ஒரு கணம் எழ வேண்டும், மக்கள் மூச்செடுத்து அடுத்த வரிக்கு ஒன்றாக வருவார்கள். பாமாலைக்கு ஆட்டோ ரிதத்தைப் போட்டுவிட்டால் இந்த இடைவெளி போய்விடும், பின்வரிசைப் பெரியவர்கள் வரிக்கு அரை வார்த்தை பின்தங்குவார்கள். கீர்த்தனை வந்தால் இடது கையில் ஆதார சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் பிடித்துக்கொண்டு மெட்டை வயலினுக்கும் குரலுக்கும் விடலாம். கல்யாண மேளத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் செய்யும் வேலை அது. தேயாமல் ஒரே சுருதியில் நிற்பதற்கு ஆர்கனைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.